கண்ணாடியோர மேசை

என்னங்க,

பக்கத்து அறையிலிருந்து நீங்கள் அனுப்பிய மூன்று லிங்க்கையும் பார்த்தேன். டாஹோ ஏரிக்குப் போனால் வாடகை வீடு வடகரையிலா, தென்கரையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் வீட்டில் அடுப்பு சரியில்லையாம். இரண்டாவதில் ஜன்னலைத் திறந்தால் ஏரி. மூன்றாவது பனிச்சறுக்குச் சரிவுக்குப் பக்கத்தில்தான், ஆனால் பனி கொட்டினால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் கார் ஏறாது.

போன வருஷம் உங்கள் அக்கா போனில், "பிள்ளைக்கு வருஷத் திதி முடியற வரைக்கும் மலை ஏறக் கூடாதுடா" என்றபோது நீங்கள் எரிந்து விழுந்தீர்கள். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? யார் கூப்பிட்டாலும் அதையே சொல்லித் தப்பித்தேன். நேற்று திதி முடிந்தது. சாயங்காலமே லிங்க் வந்துவிட்டது. ஹாலில் விரித்த பாயைக்கூட நான் இன்னும் சுருட்டவில்லை.

"வெளியே போனாத்தான் மனசு மாறும்" என்கிறீர்கள். மாறட்டும். ஆனால் உங்களுக்கும் ஸ்கீ பண்ணத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே போய், கஃபேயின் கண்ணாடியோர மேசையில் புளியோதரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சரிவில் நம் பையனின் அந்தச் சிவப்பு ஜாக்கெட் எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருந்தோம். "அம்மா, வாட்ச் மீ!" என்று சொல்லிவிட்டுத்தான் கடைசியாகவும் மேலே போனான்.

எந்தக் கரையானாலும் நீங்களே புக் பண்ணுங்கள். வருகிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து இனி எதைப் பார்ப்பது என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள்