முதல் வாக்குறுதியைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
ரமா ஸ்ரீநிவாசராகவன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
சுயேச்சை வேட்பாளர், 14-ஆவது வார்டு,
7, மூன்றாவது குறுக்குத் தெரு, லேக் வியூ நகர்,
வேலேரிப்பாக்கம் (செம்பாக்கம் வழி).

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் மற்றும் தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், வேலேரிப்பாக்கம்.

பொருள்: வேலேரியின் அடைக்கப்பட்ட கலங்கலை மழைக்கு முன் உடைத்துத் திறக்க வேண்டுதல் – அதற்குத் தடையாக உள்ள எனது வேட்புமனுவைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட வார்டில் நகர்மன்ற உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக மனு தாக்கல் செய்து, பரிசீலனையில் ஏற்கப்பட்டவள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அரசியல் ஆசை எதுவும் கிடையாது. ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் இதில் இறங்கினேன். அதே காரணத்துக்காக இன்று விலகுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும்; ஆனால் மனுவைத் திரும்பப் பெறும் நேரம் இன்று மூன்று மணியோடு முடிவதால், அதற்குள் படித்துவிடவும்.

2. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து வாய்க்காலுக்குப் போவதற்காகக் கரையில் தாழ்வாக விட்டிருக்கும் வாய்தான் கலங்கல். வேலேரிக் கரையில் எங்கள் நகர்க்காரர்கள் காலையும் மாலையும் நடப்பது வழக்கம். கலங்கல் வரும் இடத்தில் படி இறங்கி மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரும் பேஜார். ஆகவே போன கோடையில் குடியிருப்போர் நலச் சங்கத்தார் அந்த வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்து, மேலே பேவர் பிளாக் பதித்து, கரை நெடுகப் பெஞ்சுகள் போட்டு, "ஏரியைக் காப்போம்" என்று ஒரு பலகையும் நட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அத்தனை பேரும் படித்தவர்கள். தண்ணீர் இனி எந்த வழியாகப் போகும் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. போன வாரத்து மழையில் ஏரி நிரம்பிவிட்டது. எங்கள் நகரில் இதற்குக் கொண்டாட்டம். போர்வெல்லில் தண்ணீர் ஏறிவிட்டதாம், மாலையானால் பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. காற்றே இல்லாதபோதும் அது கரையை நக்கிக்கொண்டே இருக்கிறது.

4. கரைக்கு மறுபுறம், பள்ளத்தில், கரையை ஒட்டியே இருப்பது கரையடித் தெரு. அதன் முதல் வீட்டில் இருக்கும் திருமதி ஷீலாதான் என் வேட்புமனுவை முன்மொழிந்தவர். அவர் கணவர் காலேப்புக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். இரண்டு பெண் குழந்தைகளோடு ஷீலா தனியாகத்தான் படுத்திருப்பார். ஆயுத பூஜை சமயத்திலிருந்து அவர் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் தண்ணீர் ஊறுகிறது. முதலில் தெளிவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் கலங்கி வருகிறது. கசிவு தெளிவாக இருந்தால் கரை வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். கலங்கி வந்தால், உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். நேற்று ஷீலா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, கல்லுக்கு அடியில மீன் குஞ்சு கீதுக்கா. பசங்க புட்ச்சி பக்கெட்ல போட்டுகினு விளையாடுதுங்க. ஏரி மீனு இங்க எப்டிக்கா வந்துச்சி?" ஐயா, மீன் கரையேறி நடந்து வராது. கரைக்குள் வழி விழுந்துவிட்டது.

5. கசிவு தொடங்கியபோதே இதைத் தங்கள் அலுவலகத்தில் சொன்னேன். உதவிப் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. திங்களன்று ஜேசிபி அனுப்பிக் கலங்கலைத் திறப்பதாகச் சொல்லிப் போனார். அதற்கிடையில் சனிக்கிழமை என் துண்டறிக்கை அச்சாகி வந்து, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதில் நகர்மன்றத்துக்கான என் முன்னுரிமைகள் இருந்தன. தெருவிளக்கு, பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை, குப்பை எரிப்பதை நிறுத்துவது என்று வரிசையாக எழுதியிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், கலங்கலைத் திறப்பது.

திங்களன்று ஜேசிபி வரவில்லை. தங்கள் கடிதம்தான் வந்தது. மேற்படி பணி ஒரு வேட்பாளரின் வாக்குறுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், வாக்குப்பதிவுக்கு முன் அதைச் செய்வது அவருக்குச் சாதகமாகக் கருதப்படும் என்றும், வாக்கு எண்ணிக்கைக்குப் பின் பரிசீலிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் பட்டியலில் முதலிடம் கொடுத்தேன். தங்கள் பட்டியலில் அது கடைசிக்குப் போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும்.

6. நலச் சங்கம் கொடுத்த ஆட்சேபணையும் இதற்கு ஒரு காரணம் என்று அறிகிறேன். தலைவர் திரு. தட்சிணாமூர்த்தி என்னிடம் நேரிலேயே கேட்டார்: "மேடம், உங்க எலெக்‌ஷனுக்காக எங்க வாக்கிங் டிராக்கை உடைக்கணுமா? நாளைக்கு யாராவது தடுக்கி விழுந்தா யார் ரெஸ்பான்சிபிள்?" என்னை நகரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அது கிடக்கட்டும். இன்று காலை அவரே என்னை அழைத்து, கரைமேல் ஒரு பெஞ்ச் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாகவும், கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டதாகவும் குறைபட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தேன். அந்தப் பெஞ்ச் ஷீலாவின் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. கான்ட்ராக்டர் மேல் தவறில்லை. பெஞ்சுக்கு அடியில் மண் இல்லை.

7. நாளை முதல் கனமழை என்று அறிவித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் கரையடித் தெருக்காரர்கள் போய்த் தங்குவது மேட்டில் உள்ள நகராட்சிப் பள்ளியில்தான். அதை இப்போது வாக்குச்சாவடிக்காக வெள்ளையடித்துப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். திறக்கச் சொன்னால், எலெக்‌ஷன் முடியட்டும் என்கிறார் காவலாளி. எல்லோரும் அதையே சொல்கிறார்கள் ஐயா. தண்ணீருக்கு யார் சொல்வது?

8. ஆகவே எனது விலகல் அறிவிப்பைக் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். இந்த முடிவைச் சொன்னபோது ஷீலா அழுதுவிட்டார். "நீயும் போய்ட்டா எங்களுக்குன்னு பேச யாருக்கா கீறாங்க?" என்று கேட்டார். நகர்மன்றத்தில் அவருக்காகப் பேச ஆள் வேண்டும்தான். ஆனால் அதற்கு முதலில் அவர் இருக்க வேண்டும். இந்த நிமிடம் முதல் நான் வேட்பாளர் இல்லை. கலங்கல் யாருடைய வாக்குறுதியும் இல்லை. யாருக்கும் சாதகம் இல்லை. மற்ற முன்னுரிமைகளை ஜெயிக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். கலங்கலைத் திறந்த பெருமையும் வேண்டுமானால் அவருக்கே போகட்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இங்கே அணையில் ஒரு வாயைத் திறந்தால் போதும்.

எனவே, இன்று மாலைக்குள் ஜேசிபி அனுப்பிக் கலங்கலை உடைக்கவும், பள்ளியின் சீலை அகற்றிக் கரையடித் தெரு மக்களை மேட்டில் தங்கவைக்கவும் ஆணையிடுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

9. காலேப் இன்றும் ஷிப்டுக்குப் போயாக வேண்டும். குழந்தைகளோடு ஷீலாவை அங்கே தனியாக விட என் மனம் ஒப்பவில்லை. கலங்கல் திறக்கும்வரை நானும் அந்த வீட்டில்தான் இருப்பேன். ஆகையால் இம்மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை, மேலே அனுப்புநர் பகுதியில் உள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டாம். கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பவும்:

ரமா ஸ்ரீநிவாசராகவன்,
மே/பா திருமதி ஷீலா காலேப்,
1, கரையடித் தெரு,
வேலேரிப்பாக்கம்.

இப்படிக்கு, தங்கள் ஜேசிபியின் சத்தத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ரமா ஸ்ரீநிவாசராகவன்

இடம்: வேலேரிப்பாக்கம்
நாள்: ஐப்பசி 11, புதன்கிழமை

இணைப்பு: விலகல் அறிவிப்பு; துவைக்கும் கல், சாய்ந்த பெஞ்ச் ஆகியவற்றின் புகைப்படங்கள்.