மூன்றாவது நட்சத்திரம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. இங்கே உன் அம்மா சுகம். நானும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயம் உன் தாத்தாவைப் பற்றியது.

போர் விமானிகளைப் பற்றி ஆறு வருடமாக நான் எழுதும் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம். ஒரு விமானி எதிரி விமானத்தை வீழ்த்தினார் என்றால், இரு தரப்பு இழப்புப் பதிவேட்டிலும் தேதியைப் பார்க்காமல் நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். நாற்பது பேருக்கு அப்படிப் பார்த்தவன் என் மாமனாருக்கு மட்டும் பார்க்கவில்லை. மூன்று விமானம் என்று அந்தக் காலப் பத்திரிகையே போட்டிருந்தது, வீட்டு மனிதரிடம் போய் அத்தாட்சி கேட்பதா என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆவணக் காப்பகத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது, சரி அதையும் பார்த்துவிடுவோம் என்று எடுத்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தேதியில் எதிரிக்கு ஒரு விமானம்கூட நஷ்டமில்லை. நம் தரப்பில்தான் ஒன்று விழுந்திருக்கிறது. ஓட்டியவர் தாத்தாவின் அறைத் தோழர். தாத்தா விடுப்பில் இருந்த வாரம் வந்த புது ரக விமானத்தை அவர் ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். அன்று காலைதான் திரும்பிய தாத்தா அந்த ரகத்தைப் பார்த்ததே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. வானத்தில் கண்டதும் எதிரி என்றே நினைத்துச் சுட்டிருக்கிறார். வெளியே பேசக் கூடாது என்று மேலதிகாரி எழுதி மூடியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பகத்து அம்மா தண்ணீர் கொண்டுவந்து, "என்ன சார், வேண்டியவங்களா?" என்று கேட்டார். பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து நடையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தேன். தாத்தாவின் விமானத்தில், வீழ்த்திய விமானத்துக்கு ஒன்றாக வரைந்த இரண்டு நட்சத்திரம், மூன்றாவது இடத்தில் சுரண்டிய தழும்பு. படம் மங்கிவிட்டது என்றுதானே இத்தனை வருடமும் நினைத்தோம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நீ அங்கே பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டாய். யார் மேலும் கை ஓங்காத மனிதர் உன்னை அறைந்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு படத்துக்காக அடிச்சாரே என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். படத்துக்காக இல்லையம்மா.

தெரிந்த பிறகு மூன்று என்று அச்சேற்ற என்னால் முடியாது. அம்மாவுக்கோ, அவர் போன பிறகும், அவள் அப்பாதான் எல்லாம். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நீ பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். மறந்துவிடாதே. குழந்தை எங்காவது கிறுக்கினால் கோபித்துக்கொள்ளாதே. மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா

பி.கு. உன் பேனா நட்சத்திரத்தை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. என்ன பண்றீங்க என்று அம்மா கேட்டாள். தூசி என்று சொல்லிவிட்டேன்.