முகர்ந்தே சொன்னவனுக்கு

இன்று பகல் டூட்டியில் ரெப்போசாடோ டெக்கீலா பாட்டில் ஒன்றைத் திறந்தேன். மூடி கழன்றதும் மர வாசம் எழுந்தது. "இது எதுன்னு சொல்லுடா" என்று கேட்கத் திரும்பினேன். பக்கத்தில் ஐஸ் மெஷின்தான் இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நாம் துபாய்க்கு வெயிட்டர்களாக வந்த இரண்டாம் வருஷம், ஹோட்டல் பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் இடம் ஒன்று காலியானது. டெக்கீலா வகைகளைச் சரியாகச் சொல்பவனுக்கு அந்த வேலை என்றார்கள். உன் அண்ணன் குடித்தே செத்தவர். ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்த நீயும் பெயர் கொடுத்தாய். "மூக்குக்கு யாருடா சத்தியம் பண்ணா?" என்றாய்.

மிச்சம் வரும் கோப்பைகளை முகர்ந்து முகர்ந்து ஒரு நோட்டில் எழுதினாய். எல்லாம் ஒரே கற்றாழைச் சரக்குதான், பீப்பாயில் கிடந்த காலம்தான் வித்தியாசம் என்று ரூமில் எனக்குச் சொன்னாய். "பிளாங்கோன்னா நேத்து ஃபிளைட்ல வந்து எறங்குனவன். பச்ச வாசம் போயிருக்காது. ரெப்போசாடோ ரெண்டு மாசத்துக்கு மேல, ஒரு வருஷத்துக்குள்ள ஊறுனது. கொஞ்சம் அடங்கியிருப்பான். அன்யேஹோ வருஷம் தாண்டுனவன், பேச்சே கொறஞ்சிரும்."

"அப்ப கோல்டு?"

"அவன் முக்காவாசி ஊறாமலே, சர்க்கரையக் கருக்கிச் சாயம் பூசிக்கிட்டு, லீவுல ஊருக்குப் போயி மினுக்குறவன்."

நாம் சிரித்த சிரிப்பில் மேல்கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

தேர்வு நாளில் நான்கு கோப்பைகளையும் முகர்ந்தே சரியாகச் சொன்னாய். சூப்பர்வைசர் விடவில்லை. "டேஸ்ட் கரோ, பாய். குடிக்காதவன் கஸ்டமருக்கு என்ன சொல்வான்?" என்றார் இந்தியில். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டாய். "கலாஸ்", முடிந்தது என்று உன் பெயரை அடித்தார்.

அடுத்து நான். கோப்பைகளை இடம் மாற்றி வைத்தார்கள். நான்கையும் குடித்தேன். நடுவில் இரண்டும் ஒரே நிறம். எது கோல்டு, எது ரெப்போசாடோ என்று நாக்குக்குத் தெரியவில்லை. தட்டை எடுக்க வந்தவன்போல வந்து குனிந்தாய். சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. "ரெண்டாவதுல கருகுன சர்க்கர வாசம்டா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

வேலை எனக்குக் கிடைத்தது. நான்கு வருஷம், நான் ஊற்றியதை நீ சுமந்தாய். அதைப் பற்றி ஒருநாளும் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், ஸ்டாஃப் பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். எனக்கு அன்று ஆஃப். ரூமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் லீவில் மன்னார்குடிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் துணிமணிப் பெட்டியோடு வந்த அந்த நோட்டை உன் மனைவி என்முன் வைத்தார்.

"பூரா சாராயப் பேரா இருக்குண்ணே. அவரு குடிச்சாரா?"

"இல்லம்மா. எங்க பார்ல ஒரு சொட்டுகூட வாயில வைக்காத ஆளு அவன் ஒருத்தன்தான். அதனாலயே பெரிய வேலை கைவிட்டுப் போச்சு."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த வேலை யாருக்குப் போச்சுண்ணே?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "எனக்குத்தாம்மா. அதுவும் அவன் சொல்லிக் குடுத்துத்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்லவேள, வேத்தாளுக்குப் போவல" என்றார். காப்பி போட உள்ளே போனார்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் திரும்பி வந்தேன். பார் மேசைக்கு எதிரில் எந்நேரமும் கூட்டம். இதைச் சொல்லத்தான் யாருமில்லை. உனக்கு எழுதுகிறேன்.