பதினோராவது வரைவு

நாமக்கல்,
4.8.2025

அன்புள்ள நிலவனுக்கு,

நலம்தானே? வாட்சப் குழுவில் எழுதினால் இருபது பேர் பதில் சொல்கிறார்கள், நீ மட்டும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த மெயில்.

நம் கோழிப்பண்ணைச் செயலிக்கு நோக்க அறிக்கையின் ஒன்பதாவது வரைவு வந்தது. "அறிவுப் பொதுவுடைமை" மூன்று இடத்தில் வருகிறது. கோழி ஓரிடத்திலும் இல்லை. சின்னப் பண்ணைக்காரர்கள் தடுப்பூசி நாளைத் தவறவிடக் கூடாது என்றுதானே கல்லூரி முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் இதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டோம்? அதைச் சொல்ல ஒரு வரி போதாதா?

இன்னொன்று. போன மாதம் நீ புதுப்பித்ததிலிருந்து குஞ்சுகளின் வயதை ஒரு வாரம் குறைத்துக் காட்டுகிறது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வராதவர்களுக்கு யார் சொல்வது? சீக்கிரம் பார்.

அன்புடன்,
ஜோதி


கொண்டப்பநாயக்கன்பட்டி,
6.8.2025

அன்பு ஜோதி,

என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? செயலிக்குச் சம்பளமில்லாமல் உதவ வந்த நாற்பது பேர் இருக்கிற குழு. வின்சென்ட் "சமூகம்" என்கிறார், அறிவுமதி "இயக்கம்" என்கிறார். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை விட்டாலும் சண்டை வருமே, அந்தக் கதைதான். கோழி என்று போட்டால் நாளைக்கு ஆட்டுப் பண்ணைக்குப் போக முடியாதாம். மாதக் கடைசிக்குள் அறிக்கை போகாவிட்டால் இந்த மாதிரி மென்பொருளுக்குப் பணம் தருகிற பெங்களூர் அறக்கட்டளை நம்மைச் சேர்த்துக்கொள்ளாது.

வயதுக் கணக்கு என் பட்டியலில் இருக்கிறது. அறிக்கை முடிந்ததும் உட்காருகிறேன். கல்லூரியிலும் நீ இப்படித்தான் திட்டுவாய்.

நிலவன்


நாமக்கல்,
19.8.2025

நிலவா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மோகனூர் பக்கம் பொன்னாத்தாள் அக்கா மூவாயிரம் கோழி வைத்திருக்கிறார். செயலி சொன்ன நாளில்தான் ஊசி போட்டிருக்கிறார். அது ஒரு வாரம் தாமதம். வெள்ளைக்கழிச்சல் வந்து நானூறு கோழி போய்விட்டது.

இன்று காலை கடைக்கு வந்து போனை என் மேசைமேல் வைத்தார். "ஏஞ்சாமி, இது தப்பாச் சொன்னா யாரைக் கேக்கோணும்? எங்கயும் எழுதலியே?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே கணக்கைத் திருத்து. அறிக்கையில் ஒரே ஒரு வரி சேர்: "எங்கள் செயலி தவறாகச் சொன்னால் அதற்கு நாங்கள் பொறுப்பு, கூப்பிட்டால் போனை எடுப்போம்." மற்றபடி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜோதி


கொண்டப்பநாயக்கன்பட்டி,
23.8.2025

அன்பு ஜோதி,

படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அன்று மாலையே திருத்திவிட்டேன். இருபது நிமிட வேலை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன் வரியைக் குழுவில் வைத்தேன். பொறுப்பு என்ற சொல்லைக் கண்டதும் எல்லோரும் பதறிவிட்டார்கள். இலவசமாகத் தருவதற்கு யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை, நம் உரிமத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வாக்கெடுப்பில் வரி தோற்றது. நானும் எதிராகத்தான் போட்டேன். வழக்கு என்று வந்தால் என்ன செய்வோம், சொல்? "பயனர் நலனில் அக்கறை கொள்கிறோம்" என்று மாற்றிச் சேர்த்தாயிற்று.

பதினோராவது வரைவு முடிவாகிவிட்டது. கீழே நிறுவனர்கள் என்று நம் இருவர் பெயரும் வருகிறது. சரி என்று ஒரு வரி போடு.

நிலவன்


நாமக்கல்,
25.8.2025

நிலவா,

படித்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அத்தனை வழவழப்பு.

உரிமத்தில் இருப்பது எனக்கும் தெரியும். பொன்னாத்தாள் அக்கா கோர்ட்டுக்குப் போகவில்லை, கடைக்குத்தான் வந்தார். குழுவில் பாதிப் பேரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, அவர்கள் மேல் வருத்தமும் இல்லை. நீ எதிராகப் போட்டாயே, அதுதான் வலிக்கிறது.

நேற்று மோகனூர் போனேன். தப்பு எங்களுடையதுதான் என்றேன். அக்கா, "அடுத்த ஊசி என்னைக்குன்னாச்சும் சரியாப் பாத்துச் சொல்லு சாமி" என்றார். காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி நான் குழுவில் இல்லை. அறிக்கையின் கீழே என் பெயரை எடுத்துவிடு. செயலியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி என் போன் நம்பரைப் போடு. இதற்கு வாக்கெடுப்பு வேண்டாம்.

ஜோதி