பச்சை நோட்டு

ஜூன் 3

அன்புள்ள மொட்டை,

நலம். தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா? கம்பெனி என்னைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. பதினைந்து நாள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம். தேறினால் நான் சர்வீஸ் மேனேஜர். லிப்ட் குழிக்குள் உன்னோடு கிரீஸ் பூசிக் கிடந்தவன் மேனேஜர்! சிரிக்காதே.

பயிற்சியாளருக்கு மெல்லிய குரல். எதற்காக மேலே வர ஆசைப்படுகிறேன் என்று கேட்டார். சம்பளம் என்றேன். "அதுக்கும் அடியில என்ன இருக்கு?" என்றார். பிள்ளைகள் படிப்பு என்றேன். மறுபடி அதே கேள்வி. ஆறாவது தடவை அழுதுவிட்டேன். 'நல்லா செஞ்சேடா' என்று அப்பா ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, யாராவது பெரிய மனுஷர் சொல்லிக் கேட்டால் போதும் என்றேன். பச்சை நோட்டில் குறித்துக்கொண்டார். மனசு லேசாகிவிட்டது.

இருபதாம் தேதி விசாரணைக்குப் பயப்படாதே. லிப்டில் மாட்டி அந்தப் பெண்ணின் கால் போவதற்கு ஒரு வாரம் முன்பே, பிரேக் தேய்ந்துவிட்டது, லிப்டை நிறுத்துங்கள் என்று நீ எழுதிக் கொடுத்த சீட்டு என் மேஜை டிராயரில் பத்திரம். நானே கொண்டுவந்து காட்டுகிறேன்.

உன்
நெட்டை

ஜூன் 6

அன்புள்ள நெட்டை,

நீ விசாரித்ததிலேயே பாதி வலி போய்விட்டதாம் இவளுக்கு.

மூன்று வருஷம் முன்பு எனக்கும் அதே அறை, அதே கேள்வி. என் மகள்தான் என்றேன். அதன்பின் நான் மறுக்கக்கூடிய வேலை எது வந்தாலும் முதலாளி, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். தலையாட்டிவிடுவேன். ஆட்டாதது ஒரே ஒரு தடவை, அந்தச் சீட்டை எழுதிய அன்று. விபத்து நடந்ததும் பழியை என் தலையில் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

கேட்டவர் நல்லவராகவே இருக்கட்டும். நோட்டு யார் கைக்குப் போகிறது? எப்படியாவது அந்தச் சீட்டை எனக்கு அனுப்பிவிடு. அது இல்லாவிட்டால் ஜெயில் எனக்குத்தான்.

உன்
மொட்டை

ஜூன் 12

அன்புள்ள மொட்டை,

உனக்கு எதிலும் சந்தேகம். நேற்று முதலாளியே இங்கே வந்தார். அத்தனை பேர் முன்னாலும் தோளில் கை போட்டு, "நல்லா செஞ்சேடா" என்றார். அப்பா சொல்லாமல் போன அதே வார்த்தை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எனக்கு மாடியில் தனி அறை. மேஜையை மாற்ற வேண்டும் என்று டிராயர் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். வந்ததும் சீட்டை எடுத்து அனுப்புகிறேன்.

உன்
நெட்டை

ஜூன் 14

நெட்டை,

சாவியை இன்றைக்கே திரும்ப வாங்கு. அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பாரடா.

இருபது வருஷம் முன்பு கம்பிக் கயிற்றில் என் கை மாட்டியபோது நீதான் இழுத்துக் காப்பாற்றினாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன். நல்லா செஞ்சேடா. இது எந்த நோட்டையும் பார்த்துச் சொன்னதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

மொட்டை

ஜூன் 18

முன்னாள் மெக்கானிக் அவர்களுக்கு,

தாங்கள் குறிப்பிடும் சீட்டு எதுவும் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அப்படி ஒன்றைப் பெற்றதாக எனக்கு நினைவும் இல்லை. இருபதாம் தேதி விசாரணையிலும் இதையே தெரிவிப்பேன்.

இப்படிக்கு
சர்வீஸ் மேனேஜர்

பி.கு.: மேலே உள்ளதை டைப் அடித்துத் தந்தார்கள். இது மட்டும் என் கையெழுத்து. தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா?