உன் மாமா நனையவில்லை

அன்பு மகள் முருகம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், கறவை மாடு நலம், என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அது கிடக்கட்டும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க அழகரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு மருமகள் பவதாரிணி எழுதுகிறாள். என் பேச்சுக்கு அவள் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள், அதனால் வாத்தியார் எழுதியது மாதிரி இருந்தால் பயந்துவிடாதே. மேலத்தெரு ஸ்டீபன் வியாழக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறான், அவன் பையில் இதையும் உன் அம்மா இடித்த பருப்புப் பொடியையும் கொடுத்துவிடுகிறேன். பொடியை அவன் வழியில் தின்றுவிட்டால் கடிதமாவது வந்து சேரும்.

உன் தாய்மாமன் வீரணன் போன அன்று போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாமாவையும் தண்ணிக்குள்ளதான் தூக்கிட்டுப் போனீங்களா என்று. இல்லை தாயி என்றேன். நீ நம்பவில்லை, மனசு ஆறட்டும் என்று அப்பா பொய் சொல்கிறார் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். ஏன் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். வைகையில் கரை கொள்ளாத வெள்ளம் வந்து சிம்மக்கல்லில் மூட்டை மூட்டையாகச் சீனி கரைந்த வருஷம், நம் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்ட வருஷம், நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து முதல் நாளே சிலேட்டை உடைத்துக்கொண்டு வந்த வருஷம், அந்த ஐப்பசியில்தான் உன் தாத்தா போனார். மயானத்துக்கும் நம் தெருவுக்கும் நடுவே வாய்க்கால், நெஞ்சு வரைக்கும் தண்ணீர். நாலு பேர் தூக்கினோம். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை ஒரு பக்கம் சாய்ந்து தாத்தாவின் கை தண்ணீரில் இழுபட்டது. வாய்க்கால் மேட்டில் பெண்கள் கூட்டத்தில் நின்ற நீ தாத்தா நீந்துறாரு என்று கத்தினாய். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீ அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் நடந்ததை விட்டுப்போகாமல் சொல்கிறேன், டூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி, வெறும் வயிற்றில் படிக்காதே.

நீ போன பிறகு நம் ஊராட்சி நிறையச் செய்திருக்கிறது, குறை சொல்லக் கூடாது. காலையில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வருகிறது, நம் வீட்டு முன்னால் ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள், அந்த வெளிச்சத்தில் கோழிகள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவித் தொலைக்கின்றன. போன வருஷம் தலைவர் சரண்யாதேவி காலத்தில்தான் மயானத்துக்குச் சிமெண்ட் ரோடும் வந்தது. ஆனால் அந்த ரோடு வாய்க்கால் கரையில் வந்து நின்றுகொண்டது, அக்கரையில் மறுபடி தொடங்கியது, நடுவில் ஒன்றும் இல்லை. ரோடு ஊராட்சியுடையதாம், வாய்க்கால் வேறு ஆபீசுடையதாம், அவர்கள் சம்மதம் இல்லாமல் பாலம் போட முடியாதாம். உன் மாமா சும்மா இருப்பாரா, தை மாசம் கிராம சபையில் எழுந்து ஓவர்சியர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், “ஏம்மா, பாதித் தூரம் ரோட்டுல போயிட்டு மிச்சத்துக்கு நான் நீந்தணுமா? எனக்கு உசுரோட இருக்கும்போதே நீச்சல் தெரியாதே.” கூட்டமே சிரித்தது. அந்த ஓவர்சியர் பெர்சி என்ற பெண், ஆரப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வந்து அளந்துவிட்டுப் போனாள்.

எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை, மறுபடி எழுதினாள். கடைசியில் வாய்க்கால் ஆபீஸ் அதிகாரியையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாசி மாசம், கடைசி முறைத் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி நல்ல மனுஷர்தான், கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருஷத்தில் சில மாசம்தானே தண்ணீர், மிச்ச நாள் காய்ந்துதானே கிடக்கிறது என்றார். உன் மாமா அவரிடம் வாங்கய்யா அக்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம் என்று கூப்பிட்டார். அவரும் சளைக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நடுவில் சேறு காலை வாரியது, தடுமாறினார், உன் மாமா கையைப் பிடித்துக்கொண்டு, “அய்யா, இப்ப உங்க தோள்ல ஒரு ஆள் படுத்திருக்கான்னு நெனச்சுக்கங்க” என்றார். அதிகாரி அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஈரப் பேண்டோடு ஜீப்பில் ஏறினார், சித்திரை முடிவதற்குள் சம்மதம் வந்துவிட்டது.

ஆனியில் அஸ்திவாரம் தோண்டினார்கள், அதே மாசம் உன் மாமாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் இருதயம் பலவீனம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எந்த நேரமும் அவர் பேச்சு ஒன்றுதான், தண்ணீர் திறக்கிறதுக்கு முந்திப் பாலம் முடிந்துவிடுமா, நான் நனையாமல் போய்ச் சேருவேனா. தினமும் ஊன்றுகோலோடு வந்து கரையில் உட்கார்ந்துகொண்டு கொத்தனாரை ஒரு வழி பண்ணிவிடுவார். கம்பி கட்டும்போது பெர்சியிடம், “இம்புட்டுக் கம்பி தாங்குமா தாயி, நான் எழுவது கிலோ” என்றார். அவள் நீங்க அம்பது கிலோகூட இருக்க மாட்டீங்க தாத்தா, முதல்ல சாப்பிடுங்க என்றாள். அவளிடம் சரி என்று சொல்லிவிட்டு உன் அம்மா கொடுத்த கஞ்சியை நாய்க்கு ஊற்றினார், அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆவணிக் கடைசியில் மேல்தளம் ஊற்றினார்கள். கீழே சவுக்கு முட்டுக் கொடுத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு, மூன்று வாரம் ஒருவரும் மிதிக்கக் கூடாது என்று முள்ளை வெட்டி இரண்டு பக்கமும் அடைத்தார் கொத்தனார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும், தண்ணீர் திறந்துவிட்டார்கள், முட்டுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடியது. அதற்கு மறுநாள் விடியக்காலம் உன் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். அவஸ்தை எதுவும் இல்லை, அதற்காக நீ அழ வேண்டியதில்லை.

அப்புறம்தான் வழக்கு. இளவட்டங்கள் முள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலத்தில் போவோம் என்றார்கள். கொத்தனார் குறுக்கே நின்றுகொண்டார். நம் ஊர்ச் சாவில் தப்பு அடித்தால் ஐம்பது பேர் குதித்து ஆடுவார்கள், பச்சைத் தளம் விரிசல் விட்டால் இனி இந்த ஊருக்கு எவன் பாலம் கொடுப்பான் என்று அவர் கேட்டதும் நியாயம்தான். சரி, இத்தனை வருஷம் போன மாதிரித் தண்ணீரிலேயே போய்விடலாம் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் பவதாரிணியை விட்டுப் பெர்சிக்குப் போன் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் இருந்திருக்கிறாள், அந்தப் புதுச் சேலையோடே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, சவுக்கு முட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து, நடக்கலாம், ஆனா ஒரு அடிகூட ஆடக் கூடாது, பத்துப் பத்துப் பேராப் போங்க, ஒரே தாளத்துல கால் வைக்காதீங்க என்றாள்.

தப்படிக்கிறவர்கள் முகம் தொங்கிப்போனது. இந்தச் சுற்று வட்டாரத்தில் சாவு விழுந்தால் முதலில் துண்டை உதறி ஆடுகிறவர் உன் மாமாதானே, அவருக்கே ஆட்டம் இல்லையா என்றார்கள். கடைசியில் இப்படி முடிவானது, பாலம் தொடங்கும் இடம் வரை இக்கரையில் ஆடிக்கொள்ளலாம், அங்கிருந்து தப்புக்காரர்கள் முதலில் சத்தமில்லாமல் அக்கரைக்குப் போய்விட வேண்டும், தாண்டிய பிறகு அக்கரையில் ஆடிக்கொள்ளலாம், நடுவில் வாய் திறக்கக் கூடாது. பெண்கள் மயானப் பக்கம் வரக்கூடாதே என்று யாரோ பெர்சியைப் பார்த்து முனகினார்கள். அவள், “பாலம் வரைக்கும் என் வேலைண்ணே, அதுக்கு அங்கிட்டு உங்க வேலை” என்று சொல்லிவிட்டு முட்டுகளைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். அந்தப் பாலத்தின் நீளத்துக்கு மட்டும் முன் பக்கத் தோள் நான் கொடுத்தேன். முழங்காலை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று பையன்கள் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. தாயி, நம் ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதே இல்லை. ஐம்பது ஆம்பிளைகள் கல்யாண வீட்டில் தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிற மாதிரி அடி வைத்தார்கள், கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். மாமா நேராகப் படுத்திருந்தார், மாலை அசையவில்லை, என் வேட்டி நுனிகூட நனையவில்லை. அக்கரையில் கால் வைத்ததும் தப்பு விழுந்தது பார், அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து ஆடினார்கள், கொத்தனாரும் ஆடினார். தளத்தில் ஒரு கீறல் இல்லை. உன் அம்மா அன்று சாயங்காலம் இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள்.

இதற்கு மேலும் நம்பவில்லை என்றால் பவதாரிணியிடம் கேட்டுக்கொள், அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாள். நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, நோய் நொடி இல்லாமல், கையில் எடுத்ததெல்லாம் துலங்கி நல்லபடியாக இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது முதலில் உன் அம்மாவிடம் பேசு, அவளுக்கு அண்ணன் இல்லாத வீடு இன்னும் பழகவில்லை. பொடி டப்பாவை ஸ்டீபனிடம் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. சாக்கையெல்லாம் எடுத்த பிறகு ஐப்பசியில் பாலத்துக்குத் திறப்பு வைக்கிறார்களாம். தண்ணீருக்குள் பாடை தூக்கிய பழைய ஆட்களில் மிச்சம் இருக்கிற ஒருவர்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று பெர்சி சொல்லிவிட்டாளாம். உன் தாத்தாவைத் தூக்கிய நாலு பேரில் கூடலிங்கம் திருப்பூருக்குப் பஞ்சாலை வேலைக்குப் போன இடத்தில் போய்விட்டான், சின்னாண்டி பொங்கலுக்கு முந்தின நாள் கரும்புக் கட்டோடு விழுந்து போனான், உன் மாமா ரிப்பன் வெட்டாமலேயே திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருப்பது,

உன் அப்பா
சோலை