அரிசி வாளிக்குள் ஒளித்த தோட்டா

பிளேஸ்டோ,
ஞாயிறு பின்னேரம்.

என் செல்ல மகள் பெர்னடெற்றுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் தயவில் முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, மெல்பேர்னில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் நடுவிலே பாய்ந்து விழுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் வாசித்துவிட்டுக் கோபி. அண்ணன் நிசாந்தனின் துவக்கு லைசன்ஸைப் புதுப்பிக்க வியாழக்கிழமை பொலிஸ்காரப் பெண் வந்தாள். பொலிஸ் கேட்டால் பயமாக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ அம்மா, அவையே துவக்கைப் பறிச்சுக்கொண்டு போவினம் என்று நீ சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை.

நிசாந்தன் அந்தப் பழங்காலத்து ரிவோல்வருக்குக் குசினி மேசையில் காகிதத் தோட்டா சுற்றுகிறவன், மெல்லிய தாளைக் கச்சான் கடலைச் சுருள் மாதிரிச் சுற்றிப் பசை பூசிக் காயவைப்பான், சுண்டுவிரல் அளவுதான். வெடிமருந்தும் ஈயக்குண்டும் சுடப் போகிற கிளப்பில்தான் போடுவது, வீட்டில் கிடப்பது வெறும் தாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பெல் அடித்து, கதவுக் கண்ணாடியால் அந்தப் பொலிஸ் உடுப்பைக் கண்டதும் கை என் சொல் கேட்கவில்லை, தோட்டாப் பெட்டியைத் தூக்கி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுக் கதவைத் திறந்து, நோ கன், மகன் வேர்க் என்று சொல்லிவிட்டேன். அவனோ அவளுக்காகவே லீவு போட்டுவிட்டு மேலே நிற்கிறான்.

இளவாலையில் ஆமி வீடு சோதித்த அன்றும் இதைத்தான் செய்தேன், நீ மடியில். அண்ணனின் விளையாட்டுத் துவக்கை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன், கிண்டி எடுத்து, ஏன் ஒளித்தாய் என்று கேட்டு அப்பாவுக்குக் காதோடு அறைந்தார்கள், அந்தக் காது சாகும்வரை கேட்கவில்லை. அந்த விளையாட்டுத் துவக்கை வாங்கிக் கொடுத்த அப்பாவின் சிநேகிதர் முருகேசனோடு கதைப்பதை அன்றே விட்டேன், அவருடைய செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

அண்ணன் இறங்கி வந்து வெறும் மேசையைப் பார்த்தான், நிலத்தில் சிந்திய அரிசியைப் பார்த்தான், ஏசவில்லை. இஞ்ச அடிக்க மாட்டினம் அம்மா என்று மெல்லச் சொல்லி, தானே வாளிக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தான். ஆமி வந்தபோது அவனுக்கு ஆறு வயது, அவனும் மறக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் அவனை வெளியே அனுப்பிவிட்டு, மொழிபெயர்க்கப் போனில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்து, இந்த வீட்டில் உங்களுக்குப் பயமா என்று கேட்டாள். நீ சொல்லித் தந்தது நாக்கு நுனியில் நின்றது. எனக்கு உங்களைக் கண்டால்தான் பயம், மகனைக் கண்டால் இல்லை என்றேன். போனில் நின்ற பிள்ளை கொஞ்சம் விழுங்கித்தான் சொல்லியிருக்கும். அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குடிக்க ஒரு ரீ கிடைக்குமா என்றாள்.

அவள் போனபின் தோட்டாத் தாளுக்குள் போன அரிசியை அவன் தட்டிக்கொண்டிருக்க, ஏனடா உனக்கு இந்தச் சனியன் என்று கேட்டேன். ஒளிக்கத் தேவையில்லாத துவக்கு ஒண்டு அம்மா, அதுதான் என்றான்.

இந்தத் துவக்காலே நத்தார்ப் பண்டிகையிலிருந்து நீ அவனோடு கதைக்கவில்லை. பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதான், அதை நான் முருகேசனோடு வைத்துக்கொள்கிறேன், நீ அண்ணனோடு வைத்துக்கொள்ளாதே. இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு. ஆண்டவர் உன் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும். சனிக்கிழமை அண்ணனுக்கு ஷிப்ட் இல்லை, போன் எடு.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
மெற்றில்டா